முகப்பு வெளியே பார்க்கட்டும்: அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் நிறுத்துவோருக்கு ஒரு திறந்த மடல்



சென்னையிலும் அதைச் சுற்றி வளர்ந்துவிட்ட பேட்டைகளிலும், தரைத்தளத்தைத் தூண்களுக்கு விட்டுவிட்டு அதற்கு மேலே வீடுகளை அடுக்கிக் கட்டிய குடியிருப்புகளில் வாழ்ந்துகொண்டு, மாலையில் வேலை முடிந்து களைத்து வரும்போது இரண்டு தூண்களுக்கு நடுவே காரை நேராக நுழைத்து நிறுத்திவிட்டு மாடியேறிப் போகும் உங்கள் ஒவ்வொருவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் ஒருவனாக, அதே போன்ற தூண்களுக்கு நடுவே இருபத்திரண்டு ஆண்டுகள் அதே விதமாகக் காரை நிறுத்தியவனாக எழுதுகிறேன். நான் கேட்கப்போவது ஒரே ஒரு காரியம்: காரைப் பின்பக்கமாகச் செலுத்தி உள்ளே விடுங்கள், அதன் முகப்பு எப்பொழுதும் வெளியேறும் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். இத்தனை சிறிய விஷயத்துக்கு ஒரு மடலா என்று உங்களுக்குத் தோன்றுமானால், எனக்கு நேர்ந்ததை மாத்திரம் பொறுமையுடன் கேட்டுவிட்டுப் பிறகு தீர்மானம் செய்யுங்கள்.

சென்ற ஆண்டு மே மாதம். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. வெயிலுக்குப் பயந்து பிள்ளைகள் எல்லாரும் தரைத்தளத்து நிழலில்தான் விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். காலை ஒன்பதரை மணிக்கு வங்கிக்குப் போகவேண்டிய அவசரத்தில் நான் காரில் ஏறி, இரு பக்கத்துக் கண்ணாடிகளையும் பார்த்து, ரிவர்ஸ் கியரைப் போட்டேன். பின்னாலிருந்த சென்சார் கீச்சிட்டது. எதிர்வரிசையில் நெருக்கி நிறுத்திய ஸ்கூட்டர்களைக் கண்டு அது நாள்தோறும் கீச்சிடுவதனால், அந்தச் சத்தத்தைக் காதில் வாங்குவதை நான் நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கார் ஒரு முழம் நகர்ந்திருக்கும். டிக்கியின்மேல் யாரோ உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார்கள். "சார், நிறுத்துங்க! பாப்பா!" என்று வாட்ச்மேனுடைய குரல் கேட்டது. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டாம் மாடி வீட்டுக் குழந்தை, மூன்று வயது நிரம்பாதவள், குந்தி உட்கார்ந்து, வண்டிக்கு அடியில் உருண்டுபோன ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பந்துக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலையின் உச்சி என் பம்பரின் மேல்விளிம்புக்குக் கீழே இருந்தது. எந்தக் கண்ணாடியிலும் அவள் தெரிந்திருக்க வழியில்லை. அவளுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. என்னை அண்ணாந்து பார்த்து, "தாத்தா, பந்து" என்றாள். குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு நான் வங்கிக்குப் போகவில்லை.

அந்த வாட்ச்மேன் அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் பல இரவுகள் என்னை உறங்கவிடவில்லை. ஆயினும், அச்சத்தைவிட நெடுநாள் என்னை உறுத்தியது வேறொரு கேள்வி. நான் கவனமில்லாதவன் அல்லன். கண்ணாடியைப் பார்த்தேன், மெதுவாகத்தான் நகர்ந்தேன், விதிப்படி செய்யவேண்டியவற்றையெல்லாம் செய்தேன். அப்படியிருந்தும் ஒரு குழந்தையின் உயிர் வேறொரு மனிதரின் உள்ளங்கையில் தொங்கியது ஏன்? யோசிக்க யோசிக்க, பிழை அந்தக் காலைநேரத்தில் நிகழ்ந்ததன்று, முந்தின நாள் மாலையில், காரை நிறுத்தியபோதே நிகழ்ந்துவிட்டது என்பது எனக்குத் தெளிவாயிற்று.

இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். தூண்களுக்கு நடுவே நிறுத்தப்படும் ஒரு கார், வருவதும் போவதுமான இரண்டு அசைவுகளில் ஏதேனும் ஒன்றைப் பின்னோக்கித்தான் செய்தாகவேண்டும். நேராக நுழைகிறவர் ரிவர்ஸ் போடும் சிரமத்தைத் தவிர்த்துவிட்டதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் அதைத் தவிர்க்கவில்லை, மறுநாள் காலைக்கு ஒத்திப்போட்டிருக்கிறார். அப்படி ஒத்திப்போட்ட காரியத்தை அவர் எந்த நிலையில் செய்யவேண்டியிருக்கிறது? மாலையில் பின்னோக்கிச் செல்லவேண்டிய இடம் மூன்று பக்கமும் தூணோ சுவரோ வண்டியோ அடைத்த ஒரு வெற்றிடம். அதைக் கடந்து வரும்போதே அதற்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவர் கண்ணால் பார்த்துவிட்டார். காலையில் பின்னோக்கிச் செல்லவேண்டிய இடமோ எல்லாரும் நடமாடும் பொதுப்பாதை. பால் பாக்கெட் போடுகிறவர், பள்ளி வேனுக்கு ஓடும் பிள்ளை, கைத்தடியோடு நடை பழகும் பெரியவர், பந்தைத் துரத்தும் குழந்தை என்று எவரும் எந்தக் கணத்திலும் வரக்கூடிய வழி. இரு புறமும் அண்டை வீட்டுக்காரர்களின் உயரமான வண்டிகள் மறைத்து நிற்க, தம்முடைய காரின் பாதியளவு பாதைக்குள் வந்த பிறகுதான் ஓட்டுகிறவரின் கண் பாதையைக் காண முடியும். பார்த்துவிட்ட வெற்றிடத்துக்குள் பின்னோக்கிச் செல்வதா, பார்க்க முடியாத ஜனப்பாதைக்குள் பின்னோக்கிச் செல்வதா என்பதே நம் முன் உள்ள கேள்வி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு, விவேகமுள்ள எவரும் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பார் என்று நான் நம்பவில்லை. நாம் தேர்ந்தெடுக்கவே இல்லை; பழக்கம் நமக்காகத் தேர்ந்தெடுத்துவிட்டது.

முகப்பு வெளிநோக்கி நின்றாலும் பானெட்டின் அடியில் ஒரு மறைவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. உயரமான வண்டிகளில் அந்த மறைவு சிறிதன்று. ஆனால் முகப்பு பாதையை நோக்கி நிற்கும்போது நாம் காரிடம் நடந்து வருவதே அந்தப் பக்கமாகத்தான். அங்கே ஒரு குழந்தை குந்தியிருந்தால் கதவைத் திறப்பதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடும். ஏறி உட்கார்ந்தபின் பாதையில் வருகிறவர்களோ அகன்ற கண்ணாடி வழியே, நம் இரு கண்களுக்கும் நேராக வருகிறார்கள்.

அமெரிக்காவிலே இந்த விஷயத்தை அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை கணக்கெடுத்துப் பார்த்தது. பின்னோக்கி நகரும் வண்டிகளின் அடியில் அகப்பட்டு ஆண்டொன்றுக்குச் சராசரியாக 210 பேர் மாண்டார்கள், 15,000 பேர் காயமடைந்தார்கள் என்பது 2014-ஆம் ஆண்டு அது வெளியிட்ட கணக்கு. மாண்டவர்களில் 31 சதவிகிதம் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 26 சதவிகிதம் எழுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். குனிந்து விளையாடுகிறவர்களும் விலகி ஓட முடியாதவர்களுமே பெரும்பாலும் பலியாகிறார்கள் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன. தன் தந்தையே ஓட்டிய வண்டிக்குப் பின்னால் அகப்பட்டு உயிரிழந்த ஓர் இரண்டு வயதுக் குழந்தையின் பெயரைத்தான் அங்கே இதற்கென இயற்றிய சட்டத்துக்குச் சூட்டினார்கள். அதன் பயனாக 2018 மே மாதம் முதல் அந்நாட்டு விற்பனைக்காகத் தயாரிக்கப்படும் ஒவ்வொரு புதிய காரிலும் பின்புறக் கேமரா இருந்தாகவேண்டும் என்று ஆயிற்று. நம் நாட்டிலும் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய கார்களுக்கெல்லாம் பின்புறச் சென்சார் கட்டாயமாக்கப்பட்டது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆனால் அன்றைக்கு என் சென்சார் கீச்சிட்டுக்கொண்டுதான் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். ஓயாமல் எச்சரிக்கும் கருவி நாளடைவில் எச்சரிக்காத கருவியாகிவிடுகிறது. கேமராவின் கண்ணிலோ மழைத்துளி நிற்கிறது, புழுதி படிகிறது, இருண்ட தரைத்தளத்திலிருந்து வெயிலைப் பார்க்கையில் படம் வெளுத்துப்போகிறது.

நம் சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாக இருந்ததில்லை. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள், பிறருக்கு அபாயமோ தகாத இடைஞ்சலோ நேராது என்று முதலில் உறுதிசெய்துகொள்ளாமல் எந்த ஓட்டுநரும் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தலாகாது என்றும், வண்டியைத் திருப்புவதற்கு நியாயமாகத் தேவைப்படும் தூரத்துக்கு மேல் அப்படிச் செலுத்தலாகாது என்றும் கூறி, சாலை போடும் ரோலர் ஒன்றுக்கு மாத்திரம் அந்தத் தூரக் கட்டுப்பாட்டில் விலக்கு அளித்தன. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறது: வீட்டு வாசல் பாதையைப் பயன்படுத்தும்போது, முடிந்தால், பின்னோக்கி உள்ளே சென்று முன்னோக்கி வெளியே வரவேண்டும் என்பது அதன் 201-ஆவது விதி. உங்களில் பலருக்குச் சிங்கப்பூரில் உறவினர் இருப்பார்கள். அங்கே கார் ஓட்டும் உரிமம் பெற விரும்புகிறவர், கோடுகளுக்கு நடுவே பின்னோக்கிச் சென்று செம்மையாக நிறுத்திக் காட்டியாகவேண்டும். அடுத்த முறை அங்கே போகும்போது குடியிருப்புகளின் கார் நிறுத்துமிடங்களை ஒரு மாடியிலிருந்து பாருங்கள். வரிசை வரிசையாக எத்தனை முகப்புகள் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கின்றன என்பதை நீங்களே காணலாம்.

உயிரைக் காப்பதென்னும் பிரதான காரணத்துக்கு அடுத்தபடியாக வேறு சௌகரியங்களும் இருக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கை நடுங்குகிறது, கண்ணில் தூக்கம் கலையவில்லை. அந்த நிலையில் தூண்களுக்கு நடுவிலிருந்து காரைப் பின்னோக்கி எடுத்து, ஒடித்துத் திருப்பிப் போவதற்கும், சாவியைத் திருப்பியவுடன் நேரே கிளம்பிப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த அனுபவத்துக்கு ஆளானவர்கள் அறிவார்கள். தீயணைப்பு நிலையத்தில் வண்டிகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நெருங்கியபோது, வேளச்சேரிவாசிகள் தங்கள் கார்களை மேம்பாலத்தின்மேல் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு தரைத்தளத்திலிருந்து நாற்பது கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கி வெளியேறுவது எப்படி, முன்னோக்கி வெளியேறுவது எப்படி என்பதை மனத்தில் சித்திரித்துப் பாருங்கள். இன்னொன்று: காலை ஐந்து மணிக்கு விமான நிலையம் போகிறவரின் கார் பின்னோக்கி எடுக்கப்படும்போது பாடும் அந்த ரிவர்ஸ் பாட்டு, முதல் மாடியில் உறங்கும் கைக்குழந்தைகளை எழுப்பாமலும் இருக்கும்.

இனி, உங்களில் பலர் வாய்விட்டுச் சொல்லாத காரணத்துக்கு வருகிறேன். பின்னோக்கி நிறுத்த நமக்குப் பயம். இந்தப் பயத்துக்கு உங்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நமக்குக் கற்பித்தவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம். மத்திய மோட்டார் வாகன விதிகள், ஓட்டுநர் தேர்வில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி, குறுகலான ஒரு திறப்புக்குள் நிதானமாகவும் ஓரளவு துல்லியமாகவும் நுழைக்கத் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும் என்கின்றன. ஆனால் என் தங்கை மகள் சென்ற வருஷம் ஒரு பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டிக் கற்றுக்கொண்டபோது, இருபது நாட்களில் ரிவர்ஸ் கியரைப் பயன்படுத்தியது இரண்டே தடவை, அதுவும் பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தபோது. உரிமம் கைக்கு வந்தது. பயமும் கூடவே வந்தது. இப்படி நம்மில் ஆயிரக்கணக்கானோர் ஒரு வித்தையில் பாதியை மட்டும் கற்றுக்கொண்டு வீதியில் இறங்கியிருக்கிறோம்.

அந்த மே மாதத்துக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் நானும் என் தங்கை மகளுமாக மீதிப் பாதியைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினோம். கடற்கரைப் பக்கத்தில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு காலி மனையில், எங்கள் குடியிருப்பின் தூண்கள் இருக்கும் இடைவெளியை அளந்து, நான்கு மூலைகளிலும் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, ஒவ்வொன்றின்மேலும் தலைகீழாக ஒரு துடைப்பத்தைச் செருகி வைத்தோம். துடைப்பத்தின் நுனி கண்ணாடியில் தெரியும், இடித்தாலும் காருக்குக் கேடில்லை. முதல் ஞாயிறு பதினோரு முறை நாற்காலிகள் சாய்ந்தன. மூன்றாம் ஞாயிறு ஒன்றுகூடச் சாயவில்லை. நாங்கள் அங்கே அறிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், குறுகிய இடத்துக்குள் நேராக நுழைவதைவிடப் பின்னோக்கி நுழைவதே வண்டியின் சுபாவத்துக்கு ஒத்தது என்பதை நீங்கள் நம்பவேண்டும். காரின் முன்சக்கரங்கள் மட்டுமே திரும்புகின்றன. பின்சக்கரங்கள் திரும்பாமல் இழுபட்டு, வளைவில் முன்சக்கரங்களின் தடத்துக்கு உட்புறமாகவே வருகின்றன. ஆகையால் நேராக நுழையும் காரின் முகப்பு தூணைத் தாண்டிவிட்டாலும் அதன் பின்கதவு தூணில் உரசுகிறது. உங்கள் குடியிருப்பின் தூண்களில் இருக்கும் வண்ண வண்ணக் கீறல்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதாம். பின்னோக்கிச் செல்லும்போதோ, திரும்பாத சக்கரங்கள் முதலில் இடத்துக்குள் சென்று ஊன்றிக்கொள்கின்றன. திரும்பும் சக்கரங்கள் அகலமான பாதையில் நின்றுகொண்டு, கட்டுமரத்தைப் பின்னாலிருந்து துடுப்பால் திசை திருப்புவதுபோல, வண்டியை எந்தக் கோணத்துக்கு வேண்டுமானாலும் ஒழுங்குபடுத்துகின்றன. கிடங்குகளில் மூட்டைகளுக்கு இடையே சுழன்று வேலை செய்யும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்குப் பின்சக்கரங்களைத் திரும்புமாறு அமைத்திருப்பதும் இந்தக் காரணத்தினால்தான். நமக்கு இருக்கும் இடமோ மிகச் சிறிது. ஒரு காருக்கு ஒதுக்கப்படும் இடம் 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் என்பது விதி. 1,790 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு ஹூண்டாய் கிரெட்டா அதில் நின்றால் இரு புறமும் சேர்த்து மிஞ்சுவது 71 சென்டிமீட்டர். இத்தனை நெருக்கத்தில் நேராக நுழைந்து நடுவில் நிற்பதுதான் உண்மையில் சாகசம்.

இனி செய்முறை. உங்கள் இடம் இடக்கைப் பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்டிகேட்டரைப் போட்டு நடை வேகத்தில் வாருங்கள். இடத்தைக் கடக்கும்போது தலையைத் திருப்பி அதன் உட்புறத்தை நன்றாகப் பாருங்கள். சைக்கிள், செங்கல், தண்ணீர்க் குழாய், படுத்திருக்கும் நாய், குழந்தை, எதுவாயினும் இப்பொழுதே தெரிந்துவிடும். இந்த ஒரு பார்வைதான் முழு வித்தையின் ஜீவன். இதை விட்டுவிட்டு மற்றவற்றையெல்லாம் செய்தாலும் பயனில்லை. வீட்டாரை இங்கேயே இறக்கி, உங்கள் கண்ணுக்கு எதிரே நிற்கச் சொல்லுங்கள். குழந்தையின் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். வரிசையிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல் விலகி, காரின் பின்பகுதி உங்கள் இடத்தை முழுவதும் கடக்கும் வரையில் முன்னே செல்லுங்கள். பாதை அகலமாக இருந்தால், உங்கள் தோள் இடத்தின் நடுவுக்கு நேராக வந்தவுடன் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து முகப்பைச் சாய்த்து முன்னேறுங்கள்; பின்புறம் தானாகவே இடத்தை நோக்கித் திரும்பி நிற்கும், பாதி வேலை முடிந்துவிடும்.

அங்கே முழுவதும் நிறுத்துங்கள். ரிவர்ஸ் கியரைப் போட்டபின் உடனே நகராதீர்கள். பின்னால் வெள்ளை விளக்கு எரிவதைப் பார்த்து விலகுகிறவர் விலக மூன்று மூச்சு அவகாசம் கொடுங்கள். அதற்குள் இரண்டு தோள்களுக்கு மேலாகவும் திரும்பிப் பாருங்கள், கண்ணாடிகளைப் பாருங்கள், கேமராவைக் கடைசியில் பாருங்கள். பின்பகுதி எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பவேண்டும். இதில் குழப்பம் வேண்டாம். அரை கிளட்சில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கால் பிரேக்கின்மேல் தயாராக இருக்க, இடப்பக்கம் முழுவதும் ஒடித்து வண்டியை ஊர்ந்து போகவிடுங்கள். இடக் கண்ணாடியைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்திருந்தால் பின்சக்கரமும் தூணின் அடியும் ஒருசேரத் தெரியும். சக்கரம் தூணை ஒரு முழம் விலகிப் போகுமானால் சரி. ஒட்டிப் போகுமானால் நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக்கி, சிறிது முன்னே போய் மறுபடி வாருங்கள். இரண்டாம் தடவை முயல்வதில் அவமானம் ஒன்றுமில்லை. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர்களும் கிளீனரை இறக்கிவிட்டு, "வா, வா, ரைட்ல ஒடி, போதும்" என்ற குரலைக் கேட்டுக்கொண்டுதான் பின்னால் வருகிறார்கள். வண்டி இடப்பக்கம் மடங்கும்போது அதன் வலப்பக்க முன்மூலை வெளியே வீசிவரும். எதிர்வரிசைக் காரை அது தொட்டுவிடாமல் ஒரு கண் அங்கேயும் இருக்கட்டும். இரண்டு கண்ணாடிகளிலும் இடைவெளி சமமாகத் தெரியத் தொடங்கிய கணத்தில் ஸ்டியரிங்கை நேராக்குங்கள். பிறகு நேர்கோட்டில் பின்னே சென்று, சுவருக்கு ஓரடி விட்டு நிறுத்துங்கள். வலக்கைப் பக்கத்து இடம் இதைவிட எளிது, ஏனெனில் பின்சக்கரத்தின் போக்கை உங்கள் ஜன்னல் வழியாகவே நேரில் பார்க்கலாம். பயிலுகிறவர்கள் வலப்பக்கத்தில் ஆரம்பியுங்கள்.

உங்கள் ஆட்சேபங்களையும் நான் அறிவேன். மளிகைச் சாமான்களை இறக்க டிக்கி பாதையை நோக்கி இருப்பதே வசதி என்கிறீர்கள். உள்ளே விடுவதற்கு முன்பே இறக்கிவிடலாமே. நேரமாகிறது என்கிறீர்கள், மாலையில் செலவாகும் அரை நிமிஷம் காலையில், அதுவும் அவசரமான காலையில், உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. சுவரை ஒட்டி ஒரு வீட்டின் ஜன்னலோ சமையலறையோ இருந்தால் புகை உள்ளே போகுமே என்கிறீர்கள்; இது முற்றிலும் நியாயம். பின்னோக்கி நிறுத்துவதே வழக்கமாகிவிட்ட ஜப்பானில்கூட, செடிகளையும் அண்டை வீட்டாரையும் உத்தேசித்து, இங்கே முன்பக்கமாகவே நிறுத்துங்கள் என்று சில இடங்களில் பலகை வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடங்களில் நேராகவே நிறுத்துங்கள். கடைகளின் வாசலில் போகும் திசைக்கு ஏற்பச் சாய்வாகக் கோடு போட்ட இடங்களிலும் அவ்வாறே. அங்கெல்லாம் வெளியே எடுக்கும்போது, ஒரு முறை வண்டியைச் சுற்றி நடந்து வந்த பிறகே ஏறுங்கள். இந்த விலக்குகள் நம் தரைத்தளங்களில் பத்தில் ஒன்றுக்குக்கூடப் பொருந்தா என்பது என் அபிப்பிராயம்.

பின்னால் காத்திருப்பவர்களிடம் தனியே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஒருவர் தம் இடத்தைக் கடந்து முன்னே போய் நின்று வெள்ளை விளக்கைப் போடும்போது, அவருடைய பம்பரை ஒட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள், ஹாரனை அடிக்காதீர்கள். புதிதாகப் பழகுகிறவரை, விசேஷமாகப் பெண்களையும் முதியவர்களையும், நாம் ஹாரன் அடித்தே இந்த நல்ல பழக்கத்திலிருந்து விரட்டியிருக்கிறோம். என் தங்கை மகள் நாற்காலிகளுக்கு நடுவே தவறில்லாமல் செய்ததைத் தன் குடியிருப்பின் வாசலில் செய்ய முடியாமல் போனது, பின்னால் ஒருவர் இடைவிடாமல் ஹாரன் அடித்ததனால்தான். அன்று அவள் கண் கலங்கி நேராகவே நுழைத்துவிட்டு வந்தாள். அவள் கேட்டது அரை நிமிஷம்.

குடியிருப்போர் சங்கங்களின் செயலாளர்களே, பொருளாளர்களே, உங்களுக்கும் என் விண்ணப்பம் உண்டு. பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றியும் எந்தத் தூணை யார் இடித்தார்கள் என்பதைப் பற்றியும் மணிக்கணக்காகக் கூட்டங்கள் நடத்துகிறோம். அடுத்த கூட்டத்தில் பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் பளிச்சென்று வெள்ளைக் கோடு போடுங்கள், ஏனென்றால் பின்னோக்கி வருகிறவருக்குக் கண்ணாடியில் தெரிவது அந்தக் கோடுதான். காரின் பின்பகுதி சுவருக்கு ஓரடி முன்னால் நிற்குமாறு, சக்கரத்தைத் தடுக்கும் கட்டை ஒன்று பதியுங்கள். எரியாத விளக்குகளை மாற்றுங்கள். தூண்களின் இடுப்பளவில் ரப்பர் பட்டை கட்டுங்கள். பின்னோக்கி வரும் ஒவ்வொரு வண்டிக்கும் அருகில் நின்று குரல் கொடுக்குமாறு வாட்ச்மேனுக்குச் சொல்லுங்கள். அந்த வேலையின் அருமை தெரிந்து, அதற்காக அவருக்குச் சம்பளத்தில் ஏதேனும் கூட்டிக் கொடுங்கள்.

அன்பர்களே, அந்தக் குழந்தை இப்பொழுதும் எங்கள் தரைத்தளத்தில்தான் விளையாடுகிறாள். உங்கள் குடியிருப்பிலும் அவளைப் போன்றவர்கள் விளையாடுகிறார்கள். இன்று மாலை வீடு திரும்பும்போது, உங்கள் இடத்தைத் தாண்டி ஒரு வண்டி நீளம் முன்னே போய் நில்லுங்கள். திரும்பிப் பாருங்கள். பிறகு மெதுவாகப் பின்னே வாருங்கள்.

இங்ஙனம்,
தரைத்தளத்தில் உங்களைப் போலவே ஓர் இடம் உள்ளவன்